மூன்று கால் பல்

சங்கத்தில் பொங்கல் விழா நடந்தாலும் சரி, நவராத்திரி கொலு நடந்தாலும் சரி, பல் டாக்டருக்கு மட்டும் நிம்மதியாகச் சாப்பிடக் கொடுத்து வைத்ததில்லை. இலையில் சாம்பார் விழுவதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர் கன்னத்தை இழுத்து வாயைத் திறந்து காட்டிவிடுவார். நாற்பது ஆண்டுகளாகப் பழகிவிட்டது. அப்படிக் கேட்கப்படும் கேள்விகளில் அதிகம் வருவது இதுதான்:

"ரூட் கெனால் பண்ணிக்கிட்டேன் டாக்டர். நரம்பையே எடுத்தாச்சுன்னு சொன்னாங்க. நாலு மாசம் ஆச்சு, இன்னும் கடிச்சா வலிக்குதே, ஏன்?"

நியாயமான கேள்வி. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். அந்தக் காரணம் எனக்கு இரண்டு முறை பாடம் கற்பித்தது. முதல் முறை ஒருவர் பல்லை இழந்தார். இரண்டாம் முறை ஒருவர் மயிரிழையில் தப்பினார். இரண்டிலும் தப்பு என்னுடையது.

பல்லுக்குள் என்ன இருக்கிறது?

பல்லின் வெளியே தெரியும் பாகத்தை மகுடம் என்போம். எலும்புக்குள் புதைந்திருப்பது வேர். ஒவ்வொரு வேருக்குள்ளும் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு குழாய், சில வேர்களில் இரண்டு குழாய்கள். அதற்குள் நரம்பும் ரத்தக் குழாய்களும் கலந்த கூழ் போன்ற சதை இருக்கும். சொத்தை ஆழமாகப் போய் அந்தக் கூழைத் தொட்டுவிட்டால்தான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி.

ரூட் கெனால் என்றால் அந்தக் கூழை எடுத்து, குழாயை மெல்லிய அரங்களால் சுத்தம் செய்து, கிருமி நாசினியால் கழுவி, கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் இறுக அடைப்பது. இதில் ஒரு குழாயை விட்டுவிட்டாலும், உள்ளே தங்கிய கிருமிகள் வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும். பல்லுக்குள் நரம்பு இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் பல்லைச் சுற்றியுள்ள எலும்பிலும் சவ்விலும் நரம்பு இருக்கிறதே! வலி அங்கிருந்து வருகிறது.

விட்டுப்போன குழாய் எவ்வளவு பெரிய விஷயம்? 2016ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ரூட் கெனால் செய்யப்பட்ட 1397 பற்களை முப்பரிமாண ஸ்கேனில் பார்த்தார்கள். சுமார் 23 சதவீதத்தில் ஒரு குழாயாவது விட்டுப்போயிருந்தது. அப்படி விட்டுப்போன பற்களில் வேர் நுனியில் பழுது இருக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல்.

அப்படியானால் டாக்டர்கள் எல்லோரும் அஜாக்கிரதையா? அப்படிச் சொல்ல மாட்டேன். இல்லாத இடத்தில் தேடுகிறோம், இருக்கும் இடத்தில் தேடாமல் விடுகிறோம். எங்கே தேடுவது என்பதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது பாடப் புத்தகம்.

டாங்ராவிலிருந்து வந்தவர்

சென்னையில் படிப்பை முடித்து 1984ல் கல்கத்தா வந்தேன். லேக் மார்க்கெட் பக்கம் சின்ன கிளினிக். நம்மவர்கள், வங்காளிகள், மார்வாரிகள் என்று எல்லோரும் வருவார்கள். 1988ல் டாங்ராவிலிருந்து ஒரு சீனர் வந்தார். ஹக்கா வம்சத்தவர். அங்கே பல குடும்பங்களைப் போல அவருடையதும் தோல் பதனிடும் தொழில். பிறந்து வளர்ந்தது எல்லாம் கல்கத்தாதான். நம்மைவிட அழகாக வங்காளி பேசுவார்.

கீழ்த்தாடையில் முதல் கடைவாய்ப் பல். குழந்தைக்கு ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கிற, ஆயுள் முழுவதும் மெல்ல வேண்டிய பல். புத்தகப்படி அதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு வேர்கள். முன் வேரில் இரண்டு குழாய்கள், பின் வேரில் பெரும்பாலும் ஒன்று. ஆக மூன்று. மூன்றையும் கண்டுபிடித்தேன், சுத்தம் செய்தேன், அடைத்தேன். எக்ஸ்ரே பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு மாதத்தில் திரும்பி வந்தார். வலி. மறுபடி திறந்து, கழுவி, மருந்து வைத்தேன். மறுபடி வந்தார். மூன்றாவது தடவை, "இந்தப் பல் தாங்காது, எடுத்துவிடலாம்" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. "டாக்டர்பாபு சொன்னால் சரி" என்றார்.

பல்லை எடுத்துத் தட்டில் வைத்தபோதுதான் பார்த்தேன். இரண்டு வேர்களுக்கும் பின்னால், நாக்குப் பக்கமாக, குட்டையாக வளைந்து மூன்றாவதாக ஒரு வேர். அதற்குள் ஒரு குழாய். என் அரம் தொடாத குழாய். மூன்று தடவை திறந்தும் அது எனக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரே என்பது நிழல்தானே! குரூப் போட்டோவில் பெரியவர் பின்னால் நிற்கும் சிறுவனைப் போல, அந்தச் சின்ன வேர் பின் வேரின் நிழலில் மறைந்துவிட்டது.

அவரிடம் அன்று நான் உண்மையைச் சொல்லவில்லை. காசைக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே அந்தப் பல்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு பௌபஜார் பக்கம் போனேன். கல்கத்தாச் சீனர்களில் தொழில் பிரிவினை உண்டு. ஹக்கா மக்கள் தோல், கான்டன் பக்கத்தவர் தச்சு வேலை, ஹூபே மாநிலத்திலிருந்து வந்தவர்கள் பல் வைத்தியம். அப்படி மூன்று தலைமுறையாகப் பல் பார்த்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். சிரித்தார். "மூணு கால் பல். எங்க ஆளுங்க கிட்ட நிறைய இருக்கும். வேர் உடையாம எடுத்தீங்களே, அதுவே பெரிசு" என்றார். எனக்குப் புத்தகத்தில் கிடைக்காத விஷயம் அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது.

வரைபடம் யாருடைய வாய்க்கு?

பிறகு தேடிப் படித்தேன். இந்தக் கூடுதல் வேர் புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. வியன்னா நகரத்துப் பல் மருத்துவர் கராபெல்லியின் நூலில் 1844லேயே அது சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் அது அபூர்வம். அதனால் புத்தகத்தில் அடிக்குறிப்பாக ஒதுங்கிவிட்டது.

பல் குழாய்களின் வரைபடம் எப்படி உருவானது என்று பாருங்கள். ஸ்விட்சர்லாந்தில் ஜூரிக் நகரத்து வால்ட்டர் ஹெஸ் என்பவர் ஆயிரக்கணக்கான பற்களுக்குள் ரப்பரைச் செலுத்தி இறுக வைத்து, பல்லைக் கரைத்துவிட்டு, குழாய்களின் அச்சை மட்டும் எடுத்து 1917ல் வெளியிட்டார். மரத்தின் கிளைகள் போலப் பிரிந்து சேரும் அந்த உருவங்களைப் பார்த்து மருத்துவ உலகமே அசந்து போனது. அடுத்து அமெரிக்காவில் வெர்ட்டூச்சி 2400 பற்களைக் கண்ணாடி போலத் தெளிவாக்கி, சாயம் ஏற்றி, குழாய்களை எட்டு வகையாகப் பிரித்து 1984ல் எழுதினார். இன்றும் மாணவர்கள் அந்த எட்டு வகையைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

இவை மகத்தான வேலைகள். குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஜூரிக்கில் கிடைத்த பற்களும் அமெரிக்காவில் கிடைத்த பற்களும் டாங்ராவில் இருப்பவருக்கும், மைலாப்பூரில் இருப்பவருக்கும் அப்படியே பொருந்த வேண்டும் என்று என்ன கட்டாயம்?

ஊருக்கு ஊர் கணக்கு

நம் கண் முன்னால் உள்ள இரண்டு மூன்று உதாரணங்களைச் சொல்கிறேன்.

அந்த மூன்றாவது வேர் ஐரோப்பியர்களிடமும் ஆப்பிரிக்கர்களிடமும் 100 பேருக்கு ஐந்து பேருக்கும் குறைவு. கொரியாவிலும் தைவானிலும் நடந்த ஆய்வுகளில் ஏறக்குறைய நாலில் ஒருவரிடம் காணப்பட்டது. அல்யூட் தீவு மக்களிடம் 40 சதவீதம் வரை. இந்தியாவில் சில ஆய்வுகள் 5 சதவீதத்தை ஒட்டியும், சில அதற்கு மேலும் சொல்கின்றன.

அடுத்து, கீழ்த்தாடையின் இரண்டாம் கடைவாய்ப் பல். சிலருக்கு இதன் வேர்கள் தனித்தனியாகப் பிரியாமல் ஒட்டிக்கொண்டு, குழாய்களும் ஒன்றாகச் சேர்ந்து பிறை நிலா போல வளைந்த ஒரே பள்ளமாக இருக்கும். ஆங்கில எழுத்து 'ஸி' போல இருப்பதால் 'ஸி வடிவக் குழாய்' என்று 1979ல் பெயர் வைத்தார்கள். வட்டமான அரத்தை வைத்துக்கொண்டு வாய்க்காலைச் சுத்தம் செய்வது போன்ற சிரமமான வேலை இது. 2017ல் ஒன்பது நாடுகளின் ஸ்கேன்களை ஒப்பிட்டபோது மொத்தத்தில் சுமார் 14 சதவீதம். பிரேசிலில் 6.8, சீனாவில் 44. பர்மாவில் சேகரித்த பற்களை வைத்து 2001ல் வந்த ஆய்வில் சுமார் 22 சதவீதம். இந்தியப் பற்களை வைத்து 2010ல் வந்த ஆய்வில் 7.5 சதவீதம். வரைபடத்தை விரித்துப் பாருங்கள். இந்தக் கொல்கத்தா எங்கே இருக்கிறது! ஒரு நாளில் என் நாற்காலியில் உட்காரும் பத்துப் பேரில் இந்த எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தவர்களின் வாரிசுகள் இருப்பார்கள்.

கீழ்த்தாடை முன் கடைவாய்ப் பல்லிலும் இப்படித்தான். ஒற்றைக் குழாய் என்று நாங்கள் படித்த பல் அது. 1986ல் அமெரிக்காவில் ஒரே ஊரில் உள்ளவர்களை ஒப்பிட்டபோது, ஒன்றுக்கு மேற்பட்ட குழாய் வெள்ளையரில் சுமார் 14 சதவீதம், கறுப்பரில் சுமார் 33 சதவீதம்.

இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மேல்தாடை முதல் கடைவாய்ப் பல்லின் முன்பக்கக் கன்னத்து வேரில் ஒளிந்திருக்கும் இரண்டாம் குழாயை 21 பிரதேசங்களில் தேடி 2018ல் வெளியிட்டார்கள். வெனிசுவேலாவில் 48 சதவீதம், பெல்ஜியத்தில் கிட்டத்தட்ட 98. இத்தனை வித்தியாசமும் ரத்தத்தில் வந்ததா? ஸ்கேன் கருவியின் நுணுக்கம், பார்ப்பவரின் பழக்கம், நோயாளியின் வயது எல்லாமே கணக்கை மாற்றும். வயது ஏற ஏற குழாய்கள் சுருங்கி, தேடினாலும் அகப்படாமல் போகும். முன்பு நுண்ணோக்கி இல்லாமல் தேடியபோது 'இல்லை' என்று எழுதியதில் பாதி, 'தெரியவில்லை' என்பதுதான்.

ஏன் இந்த வித்தியாசம்?

பல் முளைக்கும் காலத்தில் வேரை உருவாக்குவது ஒரு மெல்லிய உறை. பாவாடை போலத் தொங்கும் அந்த உறையின் விளிம்பிலிருந்து உள்பக்கமாக நாக்குகள் போல மடிப்புகள் வளர்ந்து ஒன்றோடொன்று சேரும். அவை எத்தனை, எங்கே சேருகின்றன என்பதைப் பொறுத்து வேர் இரண்டாகும், மூன்றாகும். ஒரு பக்கம் சேராமல் நின்றுவிட்டால் பிறை வடிவம். இதையெல்லாம் பெரும்பாலும் பரம்பரை தீர்மானிக்கிறது. நாம் தின்னும் இட்லிக்கும் அவர்கள் தின்னும் நூடுல்ஸுக்கும் இதில் சம்பந்தம் இல்லை.

பரம்பரை என்பதால்தான் மானிட இயல் அறிஞர்கள் பல்லை விரும்புகிறார்கள். எலும்பு மக்கினாலும் பல் நிற்கும். கிறிஸ்டி டர்னர் என்ற அமெரிக்க அறிஞர் 1971ல் இந்த மூன்று கால் பல்லை எண்ணிப் பார்த்தே, அமெரிக்காவின் ஆதிகுடிகள் ஆசியாவிலிருந்து எப்படி வந்திருப்பார்கள் என்று ஆராய்ந்தார். திபெத் பீடபூமியின் ஓரத்தில் கிடைத்து, 2019ல் ஆராய்ந்து வெளியிடப்பட்ட 1,60,000 ஆண்டுப் பழமையான டெனிசோவன் இனத் தாடையில் ஒரு மூன்று வேர்ப் பல் இருந்தது. அந்தப் பழைய இனத்திடமிருந்துதான் ஆசியர்களுக்கு இது வந்தது என்று ஒரு குழு எழுத, 2020ல் இன்னொரு குழு "இரண்டும் ஒரே வேர் அல்ல" என்று மறுத்தது. ஆக, என் தட்டில் விழுந்த அந்தக் குட்டி வேருக்குப் பின்னால் இவ்வளவு நீளமான பயணம்.

தென்காசிப் பல்

டாங்ராப் பாடத்துக்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சீனர்கள் வந்தால், மணிப்பூர், மிசோரம் பக்கத்திலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் வந்தால், நேராக ஓர் எக்ஸ்ரே, சாய்வான கோணத்திலிருந்து இன்னொன்று. கோணம் மாறினால் பின்னால் ஒளிந்த வேர் விலகித் தெரியும். இதனால் பல பற்கள் பிழைத்தன. எனக்குத் திருப்தி.

2016ல் ஒரு டீச்சர் வந்தார். தென்காசிப் பக்கம் சொந்த ஊர். கணவரின் மத்திய சர்க்கார் உத்தியோகத்தோடு நாக்பூர், ராஞ்சி என்று சுற்றிவிட்டுக் கொல்கத்தா வந்தவர். வேறு ஊரில் ரூட் கெனால் செய்த அதே கீழ் முதல் கடைவாய்ப் பல். எக்ஸ்ரே எடுத்தேன். மூன்று குழாய்களும் நுனி வரை அழகாக அடைக்கப்பட்டிருந்தன. குறை சொல்ல ஒன்றும் இல்லை. பல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும் என்று நினைத்தேன். "எடுத்துடலாம் டீச்சர், இம்ப்ளான்ட் வெச்சுக்கலாம்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிடுங்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை நல்லாப் பாத்துட முடியுமா டாக்டர்? போனா வராதே" என்றார்.

அவர் திருப்திக்காகத்தான் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தேன். கோன் பீம் ஸி.டி. என்பார்கள். 1990களின் பிற்பகுதியில் வந்த கருவி. தாடையை மெல்லிய துண்டுகளாகக் காட்டும். மறுநாள் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டேன். பின் வேருக்குப் பக்கத்தில், நாக்குப் பக்கமாக, குட்டையாக வளைந்து அதே மூன்றாவது கால். யாரும் தொடாத குழாய். அதன் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. 28 ஆண்டுகளுக்கு முன் கற்ற பாடத்தை நான் பாதிதான் கற்றிருந்தேன். "மூன்று கால் பல் இருக்கிறது" என்று கற்காமல், "சீனர்களுக்கு மூன்று கால் பல் இருக்கிறது" என்று கற்றுவிட்டேன். நோயாளியின் பெயரையும் முகத்தையும் பார்த்து எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன். நூறில் ஐந்து என்றால் 'நம்மவருக்குக் கிடையாது' என்று அர்த்தமா? இருபது பேரில் ஒருவர்! என் கிளினிக்கில் அது மாதத்துக்கு ஒருவர். அவர்களில் எத்தனை பேர் பல்லைக் கொடுத்துவிட்டுப் போனார்களோ!

வெளியூரில் வாழும் நமக்கு ஓர் அனுபவம் உண்டு. எதிரில் இருப்பவர் 'மதராஸி' என்ற ஒரே சொல்லில் நம்மை அடக்கும்போது சுருக்கென்று இருக்கும். தென்காசியும் கோவையும் தஞ்சாவூரும் அவருக்கு ஒன்றுதான். நானும் அதையேதான் செய்திருக்கிறேன், பல்லுக்கு.

டீச்சரிடம் படத்தைக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். டாங்ராக்காரரிடம் சொல்லாமல் விட்டதை இவரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பல்லைத் திறந்து, முக்கோணமாக இருந்த வாயிலைச் செவ்வகமாக்கி, அந்த நான்காவது குழாயைப் பிடித்தேன். இரண்டு உட்காரல். வலி போயிற்று. ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் கறுப்பு வட்டம் சுருங்கி, எலும்பு நிரம்பத் தொடங்கியிருந்தது. இன்றும் அந்தப் பல்லில் முறுக்கு கடிக்கிறார்.

நீங்கள் செய்யக் கூடியவை

ரூட் கெனாலுக்குப் பிறகு சில நாள் கடித்தால் லேசாக வலிப்பது சகஜம். வாரக் கணக்கில் நீடித்தாலோ, ஈறில் பரு போல வந்து சீழ் வடிந்தாலோ திரும்பிப் போய்க் காட்டுங்கள். வலி மாத்திரையில் காலம் தள்ளாதீர்கள்.

பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். மாற்றல் உத்தியோகத்தில் ஊர் ஊராகப் போகும் நம் குடும்பங்களுக்கு இது மிக முக்கியம். ஒரு ஊரில் தொடங்கிய பல் இன்னொரு ஊரில் முடியும். எந்தப் பல்லில் எத்தனை குழாய் அடைத்தார்கள் என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பல்லை எடுக்க வேண்டும் என்று சொன்னால் மரியாதையாக இரண்டு கேள்வி கேளுங்கள். "குழாய் ஏதாவது விட்டுப்போயிருக்குமா?" "கோணம் மாற்றி ஓர் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?" நல்ல டாக்டர் இதற்குக் கோபிக்க மாட்டார். நுண்ணோக்கி வைத்து மறு சிகிச்சை செய்யும் நிபுணர்கள் இன்று பெரிய நகரங்களில் எல்லாம் இருக்கிறார்கள்.

அதற்காக எல்லோரும் எல்லாப் பல்லுக்கும் ஸ்கேன் கேட்க வேண்டியதில்லை. கதிர்வீச்சும் செலவும் உண்டு. சந்தேகம் உள்ள இடத்தில்தான் அது. வேர் நெடுகப் பிளந்துவிட்டால் எடுப்பது ஒன்றே வழி என்பதும் உண்மை. அப்போது டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் முடிந்ததும் கேப் போட்டுக்கொள்ளுங்கள். 'வலிதான் போயிடுச்சே' என்று தள்ளிப் போட்டுப் பல் உடைந்து வந்தவர்கள் ஏராளம்.

டாங்ராக்காரரின் அந்தப் பல் இன்னும் என் மேஜை டிராயரில், ஒரு சின்ன பாட்டிலில் இருக்கிறது. என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுகிறேன். அது யாருடைய பல், எந்த இனத்தவர் என்று கேட்பார்கள். அதைக் கடைசியில்தான் சொல்வேன். முதலில் வேரை எண்ணச் சொல்வேன்.